'தி இன்னர் மவுன்டிங் ஃப்ளேம்' ஏன் முதலில் இரைச்சலாகக் கேட்கிறது, அதை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது

கேள்வி இது: "ஜான் மெக்லாக்லின் கிட்டார் வாசித்த மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவின் முதல் ஆல்பமான 'தி இன்னர் மவுன்டிங் ஃப்ளேம்' பற்றிப் பலரும் கொண்டாடுகிறார்கள். இரண்டு தடவை முழுதாகக் கேட்டேன். கிட்டார் தலைதெறிக்க ஓடுகிறது, டிரம்ஸ் இடிக்கிறது, அதற்கு மேல் எதுவும் பிடிபடவில்லை. கர்நாடக சங்கீதம் கொஞ்சம் கேட்பேன், ஜாஸ் அதிகம் தெரியாது. இதில் எனக்கு என்ன இருக்கிறது? எங்கிருந்து தொடங்குவது?"

இரண்டு தடவையில் பிடிபடாமல் போனதற்கு உங்கள் காது காரணம் இல்லை. இந்த ஆல்பத்தைப் பற்றிப் பேசுகிறவர்களில் பாதிப் பேர் கிட்டார்காரர்கள், அவர்கள் முதலில் சொல்வது வேகத்தைத்தான், அதனால் புதிதாகக் கேட்க வருகிறவரும் வேகத்தைத் தேடிக்கொண்டே உட்காருகிறார், வேகம் கிடைத்துவிடுகிறது, பத்து நிமிடத்தில் காது களைத்துப்போகிறது. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் 'தி டான்ஸ் ஆஃப் மாயா' ஓடும்போது தற்செயலாகத் தொடையில் தாளம் போட ஆரம்பித்தேன். எட்டில் முடியும் என்று நினைத்த கை எட்டில் நிற்கவில்லை. பத்து வரை எண்ணிய பிறகுதான் கிட்டார் மறுபடி தொடங்கிய இடத்துக்கு வந்தது. அன்றைக்கு அந்த ஒரு பாட்டை ஏழெட்டுத் தடவை கேட்டிருப்பேன். அதற்கு முன்னால் இரைச்சலாக இருந்ததெல்லாம் அதன் பிறகு ஒரு கட்டடம் மாதிரி தெரிய ஆரம்பித்தது, எங்கே தூண், எங்கே படி என்று.

அதனால் என் பதிலின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது தாளத்தின் மேல் எழுப்பப்பட்ட ஆல்பம். கிட்டார் அந்தக் கட்டடத்துக்குள் வசிக்கிறது. கர்நாடக சங்கீதம் கேட்பவர் என்கிறீர்கள், கச்சேரியில் கையில் தாளம் போட்டுப் பழகியிருந்தால், ராக் மட்டும் கேட்டு வளர்ந்தவரைவிட உங்களுக்கு இது சீக்கிரம் திறக்கும்.

கொஞ்சம் பின்னணி. மெக்லாக்லின் 1942-ல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் டான்காஸ்டர் ஊரில் பிறந்தவர். அம்மா வயலின் வாசிப்பவர். லண்டனில் பல ஆண்டுகள் ஸ்டுடியோ வாசிப்பு, ரிதம் அண்ட் புளூஸ் குழுக்கள் என்று சுற்றிவிட்டு, 1969 ஜனவரியில் 'எக்ஸ்ட்ராபொலேஷன்' என்று தன் பெயரில் ஓர் ஆல்பம் பதிவு செய்தார். அது முடிந்த கையோடு டிரம்ஸ் மேதை டோனி வில்லியம்ஸின் 'லைஃப்டைம்' குழுவில் சேர நியூயார்க் போனார். போன கொஞ்ச நாளிலேயே ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் அவரைத் தன் பதிவுக்கு வரச் சொல்லிவிட்டார். அந்தப் பதிவுதான் 1969 பிப்ரவரியில் எடுத்த 'இன் எ சைலன்ட் வே'. கிட்டாரே தெரியாதவன் மாதிரி வாசி என்று மைல்ஸ் அங்கே தன்னிடம் சொன்னதாக மெக்லாக்லின் பல தடவை சொல்லியிருக்கிறார். அதே ஆண்டு ஆகஸ்டில் 'பிட்சஸ் ப்ரூ'. அதில் ஒரு பாட்டுக்குப் பெயரே 'ஜான் மெக்லாக்லின்'.

1970 ஏப்ரலில் நடந்த இன்னொரு விஷயம் நம் கதைக்கு முக்கியம். மைல்ஸின் 'ஜாக் ஜான்சன்' பதிவு. மைல்ஸ் கண்ணாடி அறைக்குள் தயாரிப்பாளருடன் பேசிக்கொண்டிருக்கிறார், நேரம் போகிறது, காத்திருந்து அலுத்துப்போன மெக்லாக்லின் சும்மா ஒரு புளூஸ் ஷஃபிளை, அதாவது தத்தித் தாவுகிற ஒரு நடையை, வாசிக்கத் தொடங்குகிறார், டிரம்ஸும் பாஸும் கூடவே ஏறிக்கொள்கின்றன, மைல்ஸ் ஓடி வந்து டிரம்பெட்டை எடுக்கிறார். 'ரைட் ஆஃப்' என்ற நீண்ட பாட்டு அப்படிப் பிறந்தது. அன்றைக்கு டிரம்ஸில் இருந்தவர் பில்லி காபம். அடுத்த ஆண்டு மெக்லாக்லின் சொந்தக் குழு கட்டியபோது டிரம்ஸுக்கு வந்ததும் அவரே. இந்த ஷஃபிளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஓர் இடத்தில் திரும்பி வரும்.

இந்தச் சமயத்தில்தான் அவர் நியூயார்க்கில் வசித்த வங்காளத் துறவி ஸ்ரீ சின்மயின் சீடரானதும். மகாவிஷ்ணு என்பது குரு கொடுத்த பெயர். வெட்டிய முடி, வெள்ளை உடை, கச்சேரிக்கு முன் சில நொடி மௌனம் எல்லாம் அங்கிருந்து வந்தவை. ஆனால் பெயரைப் பார்த்துவிட்டு இந்த ஆல்பத்தில் ராகம் தேடாதீர்கள். இதில் தபலாவோ தம்பூராவோ கிடையாது. அவை இதற்குச் சற்று முன்னால் பதிவான 'மை கோல்ஸ் பியாண்ட்' ஆல்பத்தில் உண்டு. இங்கே இருப்பது ஜாஸின் மனோதர்மம், ராக்கின் சத்தம், ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் வழியாக வந்த பக்தி, கூடவே இந்தியத் தாளக் கணக்கின் மேல் தூரத்திலிருந்து வந்த ஈர்ப்பு. முறையாகப் பாடம் கேட்டது பிற்பாடு.

குழுவில் ஐந்து பேர், ஐந்து திசை. காபம் பனாமாவில் பிறந்து நியூயார்க்கில் வளர்ந்தவர். வயலின் ஜெர்ரி குட்மேன் சிகாகோக்காரர், 'தி ஃப்ளாக்' என்ற ராக் குழுவிலிருந்து வந்தவர். கீபோர்டு யான் ஹாம்மர், பிராகில் பிறந்து அமெரிக்கா வந்து பாடகி சாரா வானுக்குப் பியானோ வாசித்தவர். பாஸ் ரிக் லேர்ட் அயர்லாந்துக்காரர், லண்டனின் ரானி ஸ்காட்ஸ் கிளப்பில் வருகிற போகிற பெரிய கலைஞர்களுக்கெல்லாம் வாசித்துப் பழகியவர். 1971 ஜூலையில் நியூயார்க்கின் ஒரு சின்ன கிளப்பில் புளூஸ் பாடகர் ஜான் லீ ஹூக்கருக்கு முன்னால் முதல் நிகழ்ச்சி, ஆகஸ்டில் சிபிஎஸ் ஸ்டுடியோவில் பதிவு, ஆண்டு முடிவதற்குள் ஆல்பம் வெளியானது. எட்டுப் பாட்டு, சுமார் 46 நிமிடம். குழு உருவாகி சில வாரம்தான் ஆகியிருந்தது என்பதைக் கேட்கும்போது நினைத்துப் பார்த்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும், ஏனென்றால் பல ஆண்டு சேர்ந்து வாசித்தவர்களுக்குத்தான் அந்த ஒட்டுதல் வரும்.

சரி, கேட்பதற்கு வருவோம். ஆல்பத்தின் வரிசையை விட்டுவிடுங்கள். நான் சொல்கிற வரிசையில், ஒரு நாளைக்கு ஒரு பாட்டுக்கு மேல் வேண்டாம்.

முதலில் 'எ லோட்டஸ் ஆன் ஐரிஷ் ஸ்ட்ரீம்ஸ்'. இதில் டிரம்ஸ் இல்லை, பாஸும் இல்லை. அகூஸ்டிக் கிட்டார், வயலின், பியானோ, மூன்றே பேர். தாளம் கட்டாக ஓடாது, மூச்சு விடுகிற மாதிரி இழுத்தும் விட்டும் போகும், விருத்தம் பாடும்போது போல. குட்மேனின் வயலின் ஒரு சுரத்தில் நீண்டு நிற்கும்போது பியானோ கீழே நீர் மாதிரி நகர்வதைக் கவனியுங்கள். கிட்டார் இங்கேயும் பல இடத்தில் வேகமாகத்தான் ஓடுகிறது. ஆனால் ஆம்ப்ளிஃபையரும், ஒலியைக் கரகரக்க வைக்கும் டிஸ்டார்ஷனும் இல்லாததால் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் காதில் விழுகிறது. இந்த மனிதர் வேகமாக வாசிக்கும்போதுகூடப் பாடிக்கொண்டுதான் இருக்கிறார் என்பது இங்கே புரிந்துவிட்டால், மற்ற பாட்டுகளில் அதே குரலை அந்தச் சத்தத்துக்கு நடுவிலும் கண்டுபிடித்துவிடலாம்.

அடுத்தது 'யூ நோ யூ நோ'. அமைதியான ஒரு சின்ன கிட்டார் வரி, திரும்பத் திரும்ப வருகிறது. மேலோட்டமாகக் கேட்டால் ஐந்து நிமிடம் எதுவுமே நடக்கவில்லை என்று தோன்றும். நடப்பதெல்லாம் டிரம்ஸில். அந்த வரி நகராமல் இருக்க, அதன் இடைவெளிகளுக்குள் காபம் நுழைந்து நுழைந்து வெளியே வருகிறார், ஒரு தடவை மெல்லத் தொட்டுவிட்டுப் போவார், இன்னொரு தடவை மாடிப்படியில் பாத்திரம் உருளுவது போல இறங்குவார், ஆனாலும் வரி தொடங்கும் இடத்துக்குச் சரியாக வந்து நிற்பார். மிருதங்க வித்வான் கீர்த்தனையின் சங்கதிகளுக்கு இடையே நிரப்புவதைக் கேட்டிருப்பீர்கள் அல்லவா, அதே காதோடு கேளுங்கள். இருபது ஆண்டு கழித்து, 1991-ல், பிரிட்டனின் மாசிவ் அட்டாக் குழு இந்த வரியை எடுத்துத் தங்கள் 'ஒன் லவ்' பாட்டுக்கு அடித்தளமாக வைத்துக்கொண்டது. அதைக் கேட்ட பலருக்கு மூலம் எது என்றே தெரியாது.

மூன்றாவது 'டான்'. இங்கிருந்து கை வேலை செய்ய வேண்டும். ஏழு எண்ணிக்கை. மிஸ்ர சாபு போட்டுப் பழகிய கைக்கு இதில் சிரமமே இருக்காது, தகிட தகதிமி என்று மனதில் ஓடவிட்டாலே போதும். சாபுவின் துள்ளல் இதில் இல்லை, நடை மெதுவானது, அதனால் முதலில் கொஞ்சம் வழுக்கும், இரண்டு மூன்று சுற்றுக்குள் பிடித்துவிடுவீர்கள். கிட்டாரும் வயலினும் சேர்ந்து வாசிக்கும் அந்தப் பிரதான ராகம், மன்னிக்கவும், மெட்டு என்று சொல்ல வேண்டும், மிக எளிமையானது, கூடவே முணுமுணுக்கலாம். ஏழில் இருக்கிறது என்பதை அது காட்டிக்கொள்வதே இல்லை என்பதுதான் அழகு.

அப்புறம் 'வைட்டல் டிரான்ஸ்ஃபார்மேஷன்'. டிரம்ஸ் தனியாகத் தொடங்கும். ஒன்பது. தகதிமி தகதகிட என்று பிடித்துக்கொண்டு உள்ளே போங்கள், உள்ளே அவர்கள் அந்த ஒன்பதை வேறு விதமாக உடைத்தாலும் உங்கள் கை ஒன்பதிலேயே நிற்கட்டும். காபம் இங்கே செய்வது அசாத்தியம். ஒன்பதைச் சுமையாகச் சுமக்காமல் நான்கில் வாசிப்பவர் மாதிரி ஆடவைக்கிறார். பெரும்பாலான டிரம்மர்கள் கைகளைக் குறுக்கே வைத்து வாசிப்பார்கள், இவர் குறுக்கே போடாமல் இரண்டு கையையும் திறந்தபடி வாசிப்பவர், காலில் இரண்டு பாஸ் டிரம். காணொளியில் பார்த்தால் நான்கு உறுப்பும் தனித்தனி ஆள் போல வேலை செய்வது தெரியும். கிட்டாரை முதல் தடவை மறந்துவிட்டு, டிரம்ஸை மட்டும் தொடர்ந்து போய்ப் பாருங்கள்.

ஐந்தாவதாக 'தி டான்ஸ் ஆஃப் மாயா'. என் கணக்கில் ஆல்பத்தின் உச்சம் இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கிட்டார் தனியாக ஒரு கோர்டை, அதாவது சேர்ந்து ஒலிக்க வேண்டிய சுரங்களின் தொகுப்பை, உடைத்து உடைத்து, ஒவ்வொரு சுரமாக, மெதுவாக ஏறி இறங்குகிறது. கோர்டு சுரங்கள் ஒன்றோடொன்று உரசுகிற, அதிகமாய்ப் புளித்த ஒன்று, நிம்மதியே தராது. பத்து எண்ணுங்கள், சுற்று முடியும். மெல்லக் குழு முழுவதும் அதில் சேர்ந்து சத்தம் கூடுகிறது. திடீரென்று எல்லாம் நிற்கும். டிரம்ஸ் வேறு ஒரு நடையில், ஷஃபிளில், உள்ளே வரும், மேலே கிட்டார் அசல் புளூஸ் வாசிக்கும். நான் முன்னால் சொன்ன அந்த ஸ்டுடியோ ஷஃபிளின் சொந்தக்காரர்களே மறுபடி. ஆனால் நான்கில் காலைத் தட்டிக்கொண்டே போனால் தடுமாறுவீர்கள், ஏனென்றால் இந்த புளூஸின் சுற்று இருபது. பத்துக்கு இரு மடங்கு இருபது என்பது தற்செயல் இல்லை. சோலோக்கள் எல்லாம் முடிந்த பிறகு, ஷஃபிள் ஓடிக்கொண்டே இருக்க, முதலில் கேட்ட அந்தப் புளித்த கோர்டு மறுபடி மேலே வருகிறது, இரண்டும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை என்று நினைத்த இரண்டு பாட்டு ஒரே பாட்டாகி விடுகிறது. கணக்குப் போட்டுக் கட்டிய ஒரு நல்ல கோர்வை மூன்று தடவை சுற்றி வந்து சரியாகப் பாட்டு தொடங்கும் இடத்தில், எடுப்பில், விழும்போது சபையே தலையாட்டுமே, அந்த மகிழ்ச்சிதான் இது. எத்தனை தடவை கேட்டாலும் அந்த இடம் வரும்போது என் கை தானாக நின்றுவிடும்.

இவ்வளவு ஆன பிறகு ஆல்பத்தின் முதல் பாட்டான 'மீட்டிங் ஆஃப் த ஸ்பிரிட்ஸ்' கேளுங்கள். தொடக்கத்தில் கதவை உடைக்கிற மாதிரி சில கோர்டுகள், இடையில் டிரம்ஸ் உருட்டல். முதல் தடவை உங்களை விரட்டியடித்தது இதுவாகத்தான் இருக்கும். இப்போது கேட்டால் அதற்குப் பிறகு மெல்ல எழும் கிட்டார் சுழற்சியும் அதன் மேல் வயலின் வைக்கும் நீண்ட வரியும் காதில் விழும். கிட்டார், வயலின், கீபோர்டு மூன்றும் சின்னச் சின்னச் சொற்றொடராக ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுப்பது இந்தக் குழுவின் முத்திரை. கேள்வி பதில் போல. கிட்டார் ஒவ்வொரு சுரத்தையும் பிக்கால் தனித்தனியாக மேலும் கீழும் அடிக்கிறது, இடது கையால் வழுக்கி இணைப்பது குறைவு, அதனால்தான் அந்த ஒலி ஆணி அடிப்பது போலக் கூர்மையாக இருக்கிறது. சிலருக்கு இது பிடிக்காது, ஆலன் ஹோல்ட்ஸ்வர்த் மாதிரி வழுக்கிப் போகும் கிட்டாரைத்தான் விரும்புவார்கள். எனக்கு இரண்டும் வேண்டும்.

'தி நூன்வர்ட் ரேஸ்', 'அவேக்கனிங்' இரண்டும் கடைசிக்கு. முன்னது நான்கில் ஓடும் நேரடியான பந்தயம், ஹாம்மர் தன் மின்சாரப் பியானோவை ஒலியைத் திரிக்கும் ஒரு கருவி போட்டுக் குதறி, பியானோ என்றே அடையாளம் தெரியாதபடி வாசிப்பதுதான் அதில் எனக்குப் பிடித்த பகுதி. (பின்னாளில் அவர் பெயர் பெற்ற மூக் சின்தசைசர் அடுத்த ஆல்பத்தில்தான் வருகிறது.) 'அவேக்கனிங்' மூன்றரை நிமிடம். ஆல்பத்தில் எனக்கு மிகக் குறைவாக ஒட்டுவது அது, திறமையைக் காட்டி முடிக்கிறார்கள், அவ்வளவுதான்.

குறை என்று பார்த்தால் ஒலிப்பதிவைச் சொல்வேன். எல்லோரும் உரக்க வாசிக்க, எல்லாம் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொள்கிறது, லேர்டின் பாஸ் பல இடத்தில் அடியில் அமுங்கிப்போகிறது. அவர்தான் அந்த ஒன்பதையும் பத்தையும் ஆடாமல் பிடித்துக்கொண்டு நிற்பவர், அலங்காரமே கிடையாது, அவர் அப்படி நிற்பதால்தான் மற்ற நால்வரும் பறக்க முடிகிறது. கைபேசி ஸ்பீக்கரில் அவரைக் கேட்கவே முடியாது. நல்ல ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள், இல்லாவிட்டால் ஆல்பத்தில் பாதி போய்விடும்.

நம் பக்கத்துத் தொடர்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கர்நாடக சங்கீதம் கேட்பவருக்கு அதைச் சொல்லாமல் விட முடியாது. 1970-களின் தொடக்கத்தில் மெக்லாக்லின் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றுக்கொண்டார். அதே பல்கலைக்கழகத்தில் இருந்த வயலின் கலைஞர் எல். ஷங்கருடன் பழக்கமானது. மகாவிஷ்ணுவின் முதல் குழு இரண்டரை ஆண்டுதான் தாக்குப்பிடித்தது. அடுத்த ஆல்பமான 'பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்' அமெரிக்க ஆல்பம் விற்பனைப் பட்டியலில் 15-ஆம் இடம் வரை போனது, பாடகரே இல்லாத ஒரு குழுவுக்கு அது பெரிய விஷயம், ஆனால் எல்லாப் பாட்டும் மெக்லாக்லின் பெயரிலேயே வந்ததில் மற்றவர்களுக்கு வருத்தம், ஓயாத பயணம் வேறு, 1973 முடிவில் பிரிந்துவிட்டார்கள். அதன் பின் மெக்லாக்லின் ஷங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயகராம் ஆகியோருடன் 'ஷக்தி'யாக உட்கார்ந்தார், தரையில், அகூஸ்டிக் கிட்டாருடன். இரைச்சல் போய்விட்டது. தாளக் கணக்கு போகவில்லை, இன்னும் ஆழமானது. இந்த ஆல்பத்தில் தானாகத் தேடிப் பிடித்த ஏழையும் ஒன்பதையும் பத்தையும் ஆயிரம் நுணுக்கத்தோடு பிறந்ததிலிருந்தே சுவாசிக்கிறவர்கள் நடுவில் போய் அவர் அமர்ந்ததாகவே எனக்குத் தோன்றும். பிற்காலத்தில் விநாயகராமின் மகன் செல்வகணேஷுடன் சேர்ந்து, தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோல் கற்றுத்தரும் ஒரு பாடக் காணொளியே வெளியிட்டார், சென்னையில் வைத்து 'ஃப்ளோட்டிங் பாயின்ட்' ஆல்பத்தைப் பதிவு செய்தார்.

ஆகவே இந்த ஆல்பம் பழகிய பிறகு அடுத்து என்ன என்றால், 'பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்' கேளுங்கள், அதில் எண்ணிக்கை 18, 19 என்று போகும். அதற்குப் பிறகு ஷக்தியின் 1976 ஸ்டுடியோ ஆல்பம் 'எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி'. அதன் முதல் பாட்டு கொன்னக்கோலில் தொடங்கும், அங்கே நீங்கள் யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியிருக்காது. இன்றைக்கு மட்டும் 'எ லோட்டஸ் ஆன் ஐரிஷ் ஸ்ட்ரீம்ஸ்', ஹெட்ஃபோனில், ஒரு தடவை. பிடித்திருந்தால் 'டான்ஸ் ஆஃப் மாயா'வில் இரண்டு வரியும் ஒன்று சேரும் இடம் உங்களுக்கு எந்த நிமிடத்தில் புரிந்தது என்று கட்டாயம் சொல்லுங்கள், ஒவ்வொருவரும் வேறு வேறு இடம் சொல்கிறார்கள்.